ஐந்தாவது முடிந்து ஆறாவதுக்கு எங்கே சேர்ப்பது?

மூன்றாம் பருவம் பாதி தாண்டிவிட்டால், சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் உடனே கிளம்பமாட்டார்கள். வேப்பமரத்தடியில் நின்று, மற்றவர்கள் போன பிறகு கிட்டே வந்து கேட்பார்கள்: “டீச்சர், ஆறாவதுக்கு எங்க சேக்கலாம்?”

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்காவதையும் ஐந்தாவதையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துகிறேன். ஐந்தாவதோடு எங்கள் பள்ளி முடிந்துவிடுகிறது. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தக் குடும்பமும் இருக்க முடியாது.

எங்கள் ஊருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. 2 கி.மீ. தூரத்தில் எட்டாவது வரை உள்ள நடுநிலைப் பள்ளி. 9 கி.மீ. தள்ளி டவுனில் அரசு மேல்நிலைப் பள்ளி, பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. அதே டவுனில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்று. பிறகு, வீட்டு வாசலுக்கே வேன் அனுப்புகிற மெட்ரிக் பள்ளி. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் கிட்டத்தட்ட இதே நான்குதான் இருக்கும், தூரம் மட்டும் மாறும். மரத்தடியில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத விஷயம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி மாறுகிற இடம்தான் பிள்ளை நழுவுகிற இடம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை வருடத்தின் நடுவில் நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பள்ளி முடிந்து அடுத்த பள்ளியில் சேர வேண்டிய அந்த ஏப்ரல், மே மாதங்களில் நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தப் பள்ளியை எடைபோட்டாலும், பன்னிரண்டாவது முடிப்பதற்குள் இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை தடவை பள்ளி மாற வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்ப்பேன்.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே

ஒரு வகுப்புதானே கூடுகிறது என்று நினைக்கலாம். பிள்ளைக்கு அது வேறு உலகம். ஐந்தாவது வரை ஒரே அறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியர். காலையில் முகம் வாடியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கணக்கு புரியவில்லையென்றால் தமிழ் நேரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்வேன். ஆறாவதில் மணி அடித்தால் ஆசிரியர் மாறுவார். கணக்கு சார் போய் அறிவியல் டீச்சர் வருவார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு, ஒரு பழக்கம். கணக்கில் இயற்கணிதம் வந்துவிடும், வரலாறும் புவியியலும் குடிமையியலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். வண்ணப் பென்சில் வாங்கிய கைக்குக் கணித உபகரணப் பெட்டியும் நிலவரைபடப் புத்தகமும் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அதில் பெருமைதான்.

இன்னொரு மாற்றத்தைப் பெற்றோர் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. எங்கள் பள்ளியில் எட்டரை மணிக்கு உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டுப் பழகிய வயிறு, ஆறாவதுக்குப் போனதும் காலையில் வீட்டையே நம்ப வேண்டும். விடிவதற்குள் நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ கிளம்புகிற அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மதியச் சத்துணவு பத்தாவது வரை உண்டு. காலைக்குத்தான் வழி செய்ய வேண்டும். டவுன் பள்ளியென்றால் ஏழே முக்கால் பஸ். அதற்குள் சோறு வடித்திருக்க வேண்டும். எந்தப் பள்ளி என்று முடிவு செய்யும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது

ஐந்தாவதில் யாரும் பெயில் ஆவதில்லை. 2019-ல் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத் தேர்வு என்று அரசு அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைகள் ‘பப்ளிக் பரீட்சை’ என்ற சொல்லைக் கேட்டே பயந்த அந்தச் சில மாதங்களை நான் மறக்கவில்லை. 2020 பிப்ரவரியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நல்லதே செய்தார்கள். ஆனால் பெயில் இல்லாத இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஆசிரியர் தலையில் ஏறுகிறது. வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் உறுதிப்படுத்துவதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. பாடலும் அட்டையும் செயல்பாடுமாக அது நிறையப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டது. அப்படியும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பேர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அவர்களும் ஆறாவதுக்குப் போகிறார்கள்.

அதனால் மார்ச்சில் பெற்றோரை உட்காரவைத்து, அவர்கள் எதிரிலேயே பிள்ளையை மூன்று வேலை செய்யச் சொல்வேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இதுவரை நடத்தாத ஒரு பக்கத்தைப் படித்து, படித்ததைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். நான்கு இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். நடுவில் சுழியம் வருகிற ஈவாகப் பார்த்துக் கொடுப்பேன், 4824-ஐ 8-ஆல் வகுப்பதுபோல. 603 என்று எழுதும் பிள்ளைக்கு இடமதிப்பு புரிந்திருக்கிறது. 63 என்று எழுதினால் புரியவில்லை. மூன்றாவதாக, ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் ‘அளவீடுகள்’. அதன் முதல் பக்கத்தைத் தமிழ்ப் புத்தகத்திலும் ஆங்கிலப் புத்தகத்திலும் வாசிக்க வேண்டும்.

ரேங்க் அட்டை சொல்லாததை இந்தக் கால் மணி நேரம் சொல்லிவிடும். ‘வகுப்புல முதல் ரேங்க்’ என்று நினைத்திருந்த ஓர் அப்பா, மகன் ஆங்கிலப் பக்கத்தில் இரண்டாவது வரியைத் தாண்ட முடியாமல் நிற்பதைப் பார்த்து அமைதியானார். அவருக்கு அந்த அமைதி தேவையாக இருந்தது.

பக்கத்து நடுநிலைப் பள்ளி

நடந்தோ சைக்கிளிலோ போய்விடலாம். ஒரு வகுப்பில் இருபது பேருக்குள்தான் இருப்பார்கள். ஆசிரியர்களுக்கு நம் ஊர்க் குடும்பங்கள் தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் யாரிடமாவது சொல்லி அனுப்புவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சின்ன எண்ணிக்கைதான் மருந்து. ஆறாவதிலும் உட்காரவைத்து வாசிக்கப் பழக்க ஓர் ஆசிரியருக்கு நேரம் வேண்டும், அது இங்கேதான் கிடைக்கும்.

குறையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் இருந்தால் சட்டம் நிறைவாகிவிடும். அதாவது மூவர். அதில் ஒருவர் மாறுதலில் போய் இடம் காலியாகக் கிடந்தால் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே நின்றுவிடும். சேர்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, கணக்குக்கு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. எட்டாவதோடு இன்னொரு தடவை பள்ளி மாற வேண்டும். அப்போது பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. பெரிய மனுஷி ஆகியிருப்பாள். ஐந்தாவது முடிந்தபோது ‘டவுனுக்கு பஸ்ல எப்படி அனுப்புறது’ என்று யோசித்த வீடு, அந்த வயதில் இன்னும் அதிகமாக யோசிக்கும். ‘எட்டாவது வரைக்கும் படிச்சாச்சே’ என்று ஒரு பாட்டி சொல்வார். நான் ஐந்தாவது வரை படிக்கவைத்த பெண்களில் சிலர் எட்டாவதோடு நின்றார்கள். நன்றாகப் படித்தவர்கள். ஆறாவதிலேயே டவுன் பஸ்ஸில் ஏறிப் பழகியவர்களில் அப்படி நின்றவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. பழகிய வழியில் போகிற பிள்ளையை நிறுத்த வீட்டுக்கும் மனம் வருவதில்லை.

டவுன் அரசு மேல்நிலைப் பள்ளி

ஆறாவதில் சேர்ந்தால் பன்னிரண்டாவது வரை மாற்றமே இல்லை. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆய்வகம், உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டுத் திடல். எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு வரும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம், ஆனால் பெரிய பள்ளியில் அதற்கென்று பயிற்சி கொடுக்க ஆள் கிடைப்பது எளிது. பஸ்ஸுக்குப் பாஸ் உண்டு.

கஷ்டம் முதல் மூன்று மாதத்தில் வரும். ஒரு பிரிவில் நாற்பது ஐம்பது பேர். எங்கள் அறையில் முன்வரிசையில் இருந்த பையன் அங்கே ஐந்தாவது பெஞ்சில் காணாமல் போவான். கேட்டால் சொல்வான், கேட்காவிட்டால் சொல்லமாட்டான். சாயங்காலப் பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டிவிடும். அதனால் ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே பள்ளிக்கு அனுப்பச் சொல்வேன். தனியாகப் போகிற பிள்ளைக்கு மழைநாள் விடுமுறைநாளாகிவிடும். கூட்டாளி இருந்தால் குடையைப் பகிர்ந்துகொண்டு போய்விடுவார்கள்.

உதவிபெறும் பள்ளி

சுருக்கமாகவே சொல்லலாம். எங்கள் பக்கத்து டவுன்களில் இவை பழைய, பெயர்பெற்ற பள்ளிகள். ஒழுங்கு இருக்கும், ஆசிரியர்கள் நீண்ட காலம் ஒரே இடத்தில் இருப்பார்கள். புத்தகம், சத்துணவு எல்லாம் அரசு கொடுப்பதுதான். தமிழ்வழிக்கும், கட்டணம் வாங்குகிற ஆங்கிலவழிப் பிரிவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வளாகம் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு ரசீதைப் பார்த்துத் திகைத்த வீடுகள் உண்டு.

ஆறாவதிலிருந்து ஓடத் தொடங்கும் கணக்கு

இந்த இடத்தில்தான் பெற்றோருக்கு விவரம் போதவில்லை என்று எனக்குப் படுகிறது. கல்லூரிக் கதையெல்லாம் பன்னிரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அரசு அப்படிக் கணக்கு வைக்கவில்லை, ஆறாவதிலிருந்து எண்ணுகிறது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 2021-ல் அதே அளவு வந்தது. அந்த இடத்தில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் இலவசமாக ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி வரும்.

பிறகு மாதம் 1,000 ரூபாய். உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பே அடிப்படை. உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் இவற்றில் சேர்த்திருக்கிறார்கள்.

எல்லாப் பிள்ளையும் டாக்டராக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திட்டங்கள் நாளை மாறலாம். ஆனால் இந்தக் கதவுகளில் எதைத் திறந்து வைக்கிறோம், எதைச் சாத்துகிறோம் என்று தெரிந்து கையெழுத்துப் போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

வேன் வரும் பள்ளி

வேன் வாசலில் நிற்பதும், டை கட்டிய பிள்ளையும், ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தையும் ஓர் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். தான் படிக்காததை மகள் படிக்க வேண்டும் என்று நகையை அடகு வைக்கிறவர்களை நான் குறைவாகப் பேசமாட்டேன். சில பிள்ளைகள் அங்கே நன்றாகவும் படிக்கிறார்கள்.

ஆனாலும் ஆறாவதில் போய்ச் சேர்ப்பதில் தனிக் கஷ்டங்கள் இருக்கின்றன. 25 விழுக்காட்டு இலவச இடம் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்புக்குத்தான். ஆறாவதில் சேர்ந்தால் முழுக் கட்டணம், அதுவும் ஏழு வருடத்துக்கு. அந்த வருடத் தொகையோடு வேன், புத்தகம், சீருடை எல்லாவற்றையும் கூட்டி ஏழால் பெருக்கிப் பாருங்கள். ஒரு நல்ல அறுவடை வருடத்தை வைத்து முடிவெடுக்காமல், மழை பொய்த்த வருடத்தையும் நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வருடம் கட்ட முடியாமல் திரும்பி வருகிற பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் ஒன்று கூடுகிறது. ஆறாவதை அங்கே படித்துவிட்டதால் 7.5 விழுக்காடும் கையைவிட்டுப் போகிறது. ஒரே ஒரு வருடம் படித்திருந்தாலும் இதே நிலைதான்.

அதைவிடப் பெரியது மொழி. ஐந்தாவது வரை ‘தாவரம்’, ‘வகுத்தல்’ என்று சிந்தித்த மூளை, ஒரு ஜூன் மாதத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும். எங்களிடம் கேள்வி கேட்டுத் துளைத்த ஒரு பெண் அப்படிப் போய் ஏழாவதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பி வந்தாள். பதிலையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள். கேள்வி கேட்பதை விட்டிருந்தாள். அந்தப் பள்ளியைக் குறை சொல்வதில் பயனில்லை. அங்கே கேஜி வகுப்பிலிருந்து வந்த நாற்பது பேருக்கு நடுவே அவள் ஒருத்திதான் புதிது.

ஆங்கிலவழிதான் வேண்டுமென்றால் அரசுப் பள்ளியிலேயே அந்தப் பிரிவு 2012-13-லிருந்து இருக்கிறது. கட்டணம் கிடையாது, தாங்கமுடியாவிட்டால் அதே பள்ளியில் தமிழ்வழிப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். ‘அளவீடுகள்’ பாடத்தின் ஆங்கிலப் பக்கத்தைப் பிள்ளை தட்டித் தடவியாவது படித்து, பாதி அர்த்தமாவது சொன்னால் தைரியமாகச் சேருங்கள். இல்லையென்றால் தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகக் கற்பதே மேல். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-லிருந்து உண்டு. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பையும் பார்க்கிறார்கள்.

மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகள் இல்லை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதிநகரில் 1962-லிருந்து நடக்கும், ராணுவப் பணிக்குத் தயார்ப்படுத்தும் உறைவிடப் பள்ளியான சைனிக் பள்ளியில் ஆறாவதுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு நான்காவதிலேயே தயாராகத் தொடங்க வேண்டும், கட்டணமும் உண்டு. பத்து வயதில் வீட்டைவிட்டு இருக்கக்கூடிய பிள்ளையா என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

நான் எந்தப் பக்கம்

தமிழைத் தங்குதடையின்றிப் படிக்கிற, வகுத்தல் தெரிந்த பிள்ளை, பையனானாலும் பெண்ணானாலும், ஆறாவதிலேயே டவுன் அரசு மேல்நிலைப் பள்ளி. பெண்ணென்றால் இதை இரண்டு தடவை சொல்வேன். உதவிபெறும் பள்ளி வீட்டுக்குக் கிட்டே இருந்தாலோ, அக்கா அண்ணன் ஏற்கெனவே அங்கே படித்தாலோ, தமிழ்வழியில் அங்கே சேர்ப்பதிலும் தவறில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனுக்கு நடுநிலைப் பள்ளி. மூன்று வருடம் அங்கே வாசிப்பு தேறி, ஒன்பதாவதில் டவுனுக்குப் போகட்டும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதில்தான் எனக்கு இரவில் தூக்கம் கெடும். நடுநிலைப் பள்ளி அவளுடைய வாசிப்புக்கு நல்லது. எட்டாவது முடியும்போது வீடு அவளை நிறுத்திவிடலாம். டவுன் பள்ளி அவளை நிறுத்தாமல் கொண்டுபோகும், ஆனால் ஐம்பது பேரில் அவளைக் கவனிப்பார்களா? நான் இப்போது செய்வது இது: நடுநிலைப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறேன், சேர்க்கிற அன்றே அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்கிறேன், ஒன்பதாவதுக்கு டவுனுக்கு அனுப்புவோம் என்று. எட்டாவது முடிகிற ஏப்ரலில் அந்த வீட்டுக்கு நானே போகிறேன். இதுவரை நான்கு வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்று பேர் ஒன்பதாவது போனார்கள்.

முடிவு செய்துவிட்டால் காலம் கடத்த வேண்டாம். மாற்றுச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதாரில் உள்ள எழுத்து எல்லாம் ஒத்துப்போகிறதா என்று ஐந்தாவது முடிவதற்குள் பாருங்கள். பத்தாவது சான்றிதழ் வரை இந்தப் பெயர்தான் போகும். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இப்போதே பதியுங்கள். கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எமிஸ் எண்ணைப் பழைய பள்ளி விடுவித்தால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். ஒரு வாரம் ஆகியும் ஏறவில்லையென்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

பிறகு, மே மாதத்தில் ஒரு நாள், பள்ளி நேரத்து பஸ்ஸிலேயே பிள்ளையோடு ஏறிப் புதுப் பள்ளிவரை போய் வாருங்கள். எந்த நிறுத்தத்தில் இறங்குவது, சாலையை எந்தப் பக்கமாகக் கடப்பது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, குடிநீர்க் குழாய் எங்கே, சாயங்காலம் எந்தக் கடைப் பக்கம் பஸ் நிற்கும், பஸ் வராவிட்டால் யாரிடம் போன் கேட்பது என்று காட்டிக் கொடுங்கள். வரும்போது பிள்ளையை முன்னே நடக்கவிட்டு, நீங்கள் பின்னால் வாருங்கள். வழி தெரிந்துவிட்டதா என்று அதிலேயே தெரியும்.